கச்சிதமா மாட்டின சென்சார்

அன்புள்ள ஜெசிந்தாவுக்கு,

ஆண்டவர் கிருபையில எனக்குச் சுகத்துக்குக் குறைவில்லை. உன் முட்டுவலி தேவலையா?

லாரி இங்க வடக்க சீத்தா கேம்ப்ங்கிற ஏரியாவில நிக்குது. பயப்படாதே, ஆக்சிடெண்ட் இல்ல. புகைக்குழாய் பிரஷரைப் பார்க்கிற சென்சார் போயிட்டு. வண்டி இழுக்க மாட்டேங்கு. பழசைக் காட்டி அதே மாதிரி ஒண்ணு வாங்கினேன். கச்சிதமா மாட்டிச்சு, ஆனா வேற இஞ்சினோடதாம். மாட்டின எலக்ட்ரிக் சாமானைக் கடையில திரும்ப எடுக்க மாட்டாங்க. சரியானதைக் கேட்டா "ஆ ஜாயேகா", வந்துரும்னு இந்தியில சொல்லுதாங்களே தவிர நாள் சொல்லலை.

பாப்பா புதுநன்மை வாங்குற பூசைக்கு வர முடியாது. போன் பண்ணினா அவதான் எடுப்பா, அதான் எழுதுதேன். நீயே சொல்லிரு.

இதைக் கொண்டுவர்ற டென்சில் திரும்பும்போது அவன்கிட்ட ஒரு போர்வை குடுத்துவிடு. அவன் கிளம்பி நிக்கான்.

ஹாரன் மட்டும் நல்லாருக்கு. நேத்து நம்ம தெருமுனையில அடிக்கிற மாதிரியே ரெண்டு தடவை அடிச்சேன். யாரு யாரோ கதவைத் திறந்து பார்த்தாங்க.

உன்
சூசை