ராகுகாலத்தில் விழுந்த முதல் பில்

வெள்ளிக்கிழமை, இரவு.

நான் வேலை பார்க்கும் போடி ஏலக்காய்க் கடைக்கென்று பில்லிங் மென்பொருள் கம்பெனிக்காரர்கள் தங்கள் பெரிய கணினிக்குள் ஒதுக்கித் தந்த விர்ச்சுவல் மெஷினில், நல்ல நேரம் பார்த்து, மாலை ஐந்து மணிக்கு முதல் பில்லை நான்தான் போட்டேன். தாளில் காலை பதினொன்றரை என்று வந்தது.

முதலாளிக்கு முகமே மாறிவிட்டது. "ராகுகாலத்துலயா ஆத்தா மொத பில்லப் போட்ட?"

"மெஷின் உலகப் பொது நேரத்துல ஓடுதுய்யா, நமக்கு அஞ்சரை மணி நேரம் பின்னால. நம்ம நேரத்துக்கு மாத்தாம விட்டுட்டாக. வாசல்ல வெயில் சாஞ்சிருச்சு பாருங்க."

வாசலைப் பார்த்தார். தாளையும் பார்த்தார். தாளைத்தான் நம்பினார்.

"உன் கைராசி அப்படி" என்றார். புருஷனைப் பறிகொடுத்தவள் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

நேர மண்டலத்தை மாற்றிவைத்துவிட்டு வந்தேன். நாளை அவர் மருமகள் புதிதாக முதல் பில் போடுவாளாம். நேரம் சரியாகத்தான் வரும். அதையும் அவள் கைராசி என்பார்கள்.