இடது பக்கம் இழுத்த வண்டி

இன்று மத்தியானம் திருக்காட்டுப்பள்ளி கடைத்தெருவில் உரமூட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஓடிப்போய் வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். கூரையில் மழை கொட்டுகிற சத்தம். ஈர மண் வாசனையோடு கண்ணாடி ஓரத்து ரப்பரின் வாசனையும் சேர்ந்து வந்தது. அது மூக்கில் ஏறியதும் என் கை தானாகவே தலைக்கு மேலே கூரையைத் தடவிப் பார்த்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உரக்கடைக்காரர் குடையைப் பிடித்துக்கொண்டு, தனியாக உட்கார்ந்து சிரிக்கிற என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

நீ போன பிறகு உனக்கு எழுதலாம் என்று பல தடவை உட்கார்ந்திருக்கிறேன். இப்படிப்பட்ட கடிதம் அழுகையோடு இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு தொடங்குவேன், இரண்டு வரிக்கு மேல் ஓடாது. உன்னை நினைத்தால் எனக்கு முதலில் வருவது சிரிப்புதான். இன்றைக்குத்தான் அது தப்பில்லை என்று தோன்றியது.

நாம் இரண்டு பேரும் சேர்ந்து நாற்றுப் பண்ணை வைத்தபோது ஊரில் யாரும் பெரிதாக நம்பவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அப்புறம் நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் கல்யாணமாகிப் போனோம். பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போன பிறகு, நடவு எந்திரத்துக்குத் தட்டுகளில் நாற்று வளர்த்துக் கொடுக்கலாம் என்று யோசனை சொன்னவள் நீ. கணக்கு என்னுடையது. மண், விதை, தண்ணீர், வண்டி எல்லாம் உன்னுடையது. அப்பா வீட்டு டிராக்டரை ஓட்டிப் பழகிய கை உனக்கு. வாடகை வண்டிக்காரர்கள் நாற்றுத் தட்டுகளை உலுக்கி உலுக்கிப் பாழாக்குகிறார்கள் என்று சொந்தமாகவே ஒரு பிக்கப் வண்டி எடுத்தோம். வெள்ளை நிறம். தஞ்சாவூர் பைபாஸில் இருந்த ஷோரூமில் சந்தனம் வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக் கிளம்பினோம்.

பூதலூர் தாண்டுவதற்குள் நீ பேச்சை நிறுத்திவிட்டாய். நீ பேச்சை நிறுத்தினால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

"என்னடி?" என்றேன்.

"இது வாய்க்காலுக்குப் போகணுங்குது" என்றாய். ஸ்டியரிங்கை வலது பக்கமாக அழுத்திப் பிடித்தபடியேதான் வீடு வரைக்கும் ஓட்டினாய். மறுநாள் தோள்பட்டையில் தைலம் தேய்த்துக்கொண்டு வந்து நின்றாய். அந்த வாரமே மழை வந்தது. ஓட்டுகிற இடத்துக்கு நேர் மேலே கூரையிலிருந்து தண்ணீர் சொட்டி உன் ரவிக்கையை நனைத்தது. புது வண்டிக்குள் நீ தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு ஓட்டியதை ஊரே பார்த்தது.

ஷோரூமுக்குப் போனோம். சர்வீஸ் மேனேஜருக்கு நமக்குத் தம்பி ஆகிற வயது இருக்கும். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை.

"புது வண்டி மேடம். ஓட ஓட செட் ஆயிடும்" என்றார். "அப்புறம், லேடீஸ் ஓட்டுறீங்க. கை பழகணும்ல?"

எனக்கு முகமெல்லாம் சுட்டது. எழுந்து போய்விடலாம் என்று உன் கையைப் பிடித்தேன். நீ அசையவே இல்லை. "அதுவும் சரிதாங்க தம்பி. நீங்க ஓட்டுங்க, நான் பக்கத்துல உக்காந்து கத்துக்கறேன்" என்றாய்.

ரோடு சாய்வு என்று அவர் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, ஷோரூமுக்குப் பின்னால் இருந்த சிமெண்ட் தளத்திலேயே ஓட்டச் சொன்னாய். மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். "இப்ப கையை லேசா எடுங்க தம்பி" என்றாய். எடுத்தார். வண்டி யாரோ கூப்பிட்ட மாதிரி இடது பக்கம் திரும்பி, சுவரோரம் வரிசையாக வைத்திருந்த பூந்தொட்டிகளை நோக்கி நடந்தது. அவர் பிரேக்கை மிதிப்பதற்குள் ஒரு குரோட்டன்ஸ் செடி சாய்ந்துவிட்டது.

"பாருங்க, உங்களுக்கும் கை பழகல" என்றாய். சத்தமாகக் கூடச் சொல்லவில்லை.

மழை ஒழுகுவதற்கு, ஜன்னலைத் திறந்து வைத்திருப்பீர்கள் என்று காரணம் சொன்னார். நீ மறுக்கவில்லை. வண்டி கழுவுகிற இடத்துக்குக் கொண்டுபோய், எல்லாக் கண்ணாடியையும் அவரையே ஏற்றச் சொல்லி, அவரையே உள்ளே உட்காரவும் சொன்னாய். வெளியிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சினார்கள். கொஞ்ச நேரத்தில் கண்ணாடிக்கு உள்ளே அவர் தோளைத் துடைப்பது தெரிந்தது. பிறகு தலையை. கழுவுகிற ஆட்கள் சிரிப்பை அடக்க முடியாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கீழே இறங்கியவரிடம் உன் துண்டை நீட்டினாய். அவரும் வாங்கித் துடைத்துக்கொண்டார். கோபப்பட முடியாத மாதிரி ஒருவரை மடக்குகிற கலை உனக்கு எப்படி வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

ஆனால் காரியம் அத்தோடு முடிந்துவிடவில்லை. சக்கரத்தைச் சீர்படுத்தினோம் என்றார்கள். இழுப்பு நிற்கவில்லை. கூரையில் எதையோ பூசினார்கள். ஒழுகல் ஒரு சாண் தள்ளி என் பக்கம் வந்தது. கம்பெனிக்கு எழுதியிருக்கிறோம், பதில் வர வேண்டும் என்றார்கள். எப்போது கேட்டாலும் இதே பதில்தான். அதற்குள் குறுவை நாற்று தயாராகிவிட்டது. எந்திரத்துக்கு என்று வளர்க்கிற நாற்றுக்கு வயது தாண்டினால் வேர் பின்னிக்கொள்ளும், எந்திரத்தில் ஏறாது. வேறு வழியில்லாமல் அந்த வண்டியிலேயே ஏற்றினோம்.

வாய்க்கால் கரைச் சாலை உனக்கு நினைவிருக்கும். எதிரே பஸ் வந்தது. நீ ஒதுங்கினாய். வண்டி நீ நினைத்ததை விட அதிகமாகவே ஒதுங்கியது. என் பக்கத்துச் சக்கரம் சாலையை விட்டு இறங்கி, வண்டி சாய்ந்து நின்றது. ஜன்னல் வழியாக எனக்குத் தண்ணீர்தான் தெரிந்தது. பின்னாலிருந்து தட்டுகள் ஒவ்வொன்றாகச் சரிந்து வாய்க்காலில் விழுந்தன. பஸ்ஸிலிருந்தவர்கள் இறங்கி வந்து பிடித்துக்கொள்ள, உன் பக்கத்துக் கதவு வழியாக ஏறி வெளியே வந்தோம். பச்சைப் பாய் விரித்த மாதிரி நாற்று மிதந்து போவதைப் பார்த்து, "வாய்க்கால்ல நடவு முடிஞ்சுது" என்றாய். நடுங்கிக்கொண்டிருந்த நான் கூடச் சிரித்துவிட்டேன்.

வண்டியைத் தூக்கி நிறுத்தி வீடு வந்து சேர்ந்த பிறகுதான் உன் முகம் மாறியது. வாசல் குழாயில் காலைக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாய்: "இது எப்பவும் நீ உக்காந்திருக்கிற பக்கமாத்தான் இழுக்குதுடி. இதைச் சரி பண்ணாம நான் விட மாட்டேன்."

மறுநாள் காலை புளியோதரை கட்டிக்கொண்டு ஷோரூமுக்குப் போனோம். மேனேஜர் வழக்கம்போல, "பதில் வந்ததும் போன் பண்றோம் மேடம், நீங்க கிளம்புங்க" என்றார். "பரவால்லங்க தம்பி, இங்க ஏசி நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு, வாசலுக்கு நேராக இருந்த சோபாவில் உட்கார்ந்தாய். நானும் உட்கார்ந்தேன். எனக்குக் கூச்சமாக இருந்தது. உனக்கு இல்லை. டீ கொண்டு வந்த பெண்ணிடம் அவள் எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்றெல்லாம் கேட்டு, மதியத்துக்குள் அவளோடு உறவே கொண்டாடிவிட்டாய்.

வண்டி பார்க்க வருகிறவர்கள் சும்மா இருப்பார்களா? "நீங்களும் வண்டி எடுக்க வந்தீங்களா?" என்று கேட்டார்கள். நீ ஒரு பொய் சொல்லவில்லை, ஒரு கடுமையான வார்த்தை சொல்லவில்லை. "எடுத்துட்டோங்க. நல்ல வண்டி. இன்ஜின் அருமை. இடது பக்கம் போகும், மழை பெஞ்சா உள்ளயும் பெய்யும். மத்தபடி ஒரு குறையும் கிடையாது" என்றாய். கீழ்வேளூரிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த ஒருவர், பேனாவைக் கையில் எடுத்தவர், அதைத் திரும்பச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டார்.

மூன்று மணிக்கு மேனேஜர் நம்மைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். "என்னதான் மேடம் பண்ணணும்?" என்றார். உண்மையாகவே களைத்துப் போயிருந்தார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாகக் கூட இருந்தது.

"கம்பெனியிலேருந்து ஒரு இன்ஜினியரை வரச் சொல்லுங்க. அவர் பாத்து முடிக்கிற வரைக்கும் எங்களுக்கு ஓட்ட ஒரு வண்டி குடுங்க. நாத்து காத்திருக்காது தம்பி" என்றாய். அவர் நம் எதிரிலேயே சென்னைக்குப் போன் போட்டார். மாற்று வண்டி எதுவும் இல்லை, வாடிக்கையாளர்கள் ஓட்டிப் பார்க்கிற வண்டி ஒன்றுதான் இருக்கிறது என்று இழுத்தார். "அதுதான் ரொம்ப நல்லது" என்றாய்.

அப்படித்தான் இரண்டு பக்கமும் "ஓட்டிப் பாருங்கள், வாங்குங்கள்" என்று சிவப்பில் எழுதிய வண்டியில் நம் நாற்று ஏறியது. போன இடமெல்லாம் கூட்டம். நாம் கம்பெனி ஆட்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். வலங்கைமான் பக்கம் வயலில் தட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தபோது, வயல்காரரும் அவர் மைத்துனரும் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். நீ சாவியை எடுத்து நீட்டினாய். அவர்கள் வரப்போரம் ஒரு சுற்றுப் போய்விட்டு முகமெல்லாம் மலர்ந்து வந்தார்கள். அந்த வாரமே மைத்துனர் ஒரு வண்டி எடுத்துவிட்டார். மேனேஜர் போன் செய்து, "மேடம், இங்க வேலைக்கு வந்துடுங்க" என்றார். ஸ்பீக்கரில் போட்டு எனக்கும் காட்டிச் சிரித்தாய்.

சென்னையிலிருந்து வந்த இன்ஜினியர் அதிகம் பேசாதவர். வண்டியைத் தூக்கி வைத்து அடியில் படுத்துக்கொண்டு வெகுநேரம் அளந்தார். எழுந்து வந்து, "சாரி மேடம், இது எங்க தப்புதான்" என்றார். பின் அச்சு தொழிற்சாலையிலேயே நேராக உட்காரவில்லை, ஒரு பக்கம் தள்ளியிருக்கிறது. அதனால்தான் முன் சக்கரத்தை எத்தனை தடவை சீர்படுத்தினாலும் நிற்கவில்லை. கூரைத் தகடுகள் சேருகிற இடத்தில் பசை பூசாமலே ஒரு நீளம் விட்டுப்போயிருந்தது. எல்லாவற்றையும் பிரித்துப் புதிதாகவே போட்டுக் கொடுத்தார்கள். தேய்ந்த டயரையும் மாற்றிவிட்டார்கள். வண்டியை எடுத்து வரும்போது, எதிரே வாகனமே இல்லாமல் சாலை நேராய் ஓடுகிற இடமாகப் பார்த்து, ஸ்டியரிங்கிலிருந்து கையை ஒரு நொடி எடுத்துக் கும்பிட்டாய். வண்டி அதன் பாட்டுக்கு நேராகப் போனது. நான் பயந்து கத்த, நீ சிரித்த சிரிப்பு எனக்கு இப்போதும் கேட்கிறது.

அப்புறம் நாலு போகம் நன்றாக நடந்தது. அப்புறம் உன் வயிற்று வலி, ஆஸ்பத்திரி, நாம் நினைத்ததை விட வேகமாக எல்லாம். அங்கேயும் நர்ஸுகள் உன் கட்டிலைச் சுற்றித்தான் நின்றார்கள். அதைப் பற்றி இன்றைக்கு எழுதப் போவதில்லை. நீ போன பிறகு பண்ணையை மூடிவிடுவேன் என்று எல்லோரும் நினைத்தார்கள், நானும் நினைத்தேன். ஒரு நாள் டிரைவிங் ஸ்கூலில் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது நானே ஓட்டுகிறேன். பஸ் எதிரே வந்தால் வாய் உலர்ந்துபோகும், ஆனாலும் ஓட்டுகிறேன்.

போன மாதம் சம்பாவுக்கு வாங்கிய விதை முளைக்கவில்லை. தட்டுத் தட்டாக வெறும் மண். பழைய நானாக இருந்தால் தலையெழுத்து என்று சொல்லிவிட்டு வேறு விதை வாங்கியிருப்பேன். யாரிடமும் போய் நின்று கேட்க எனக்கு எப்போதும் கூச்சம், உனக்குத்தான் தெரியுமே. முளைக்காத தட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு விதைக் கடைக்குப் போனேன். கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். தண்ணீர் சரியாக விட்டிருக்க மாட்டீர்கள் என்றார் கடைக்காரர்.

"இருக்கலாங்க. மிச்ச விதை இந்தப் பையில இருக்கு. நீங்களே ஈரத்துணியில கட்டி வைங்க. நான் நாளைக்கும் வர்றேன், அதுக்கு மறுநாளும் வர்றேன்" என்றேன். குரல் எங்கிருந்தோ நிதானமாக வந்தது. அவர் என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், எனக்குப் பின்னால் நின்றிருந்தவர்களைப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, அம்மாவுக்கு வேறு மூட்டை எடுத்துப் போடச் சொன்னார். உட்காருங்கள் என்று நாற்காலியையும் இழுத்துப் போட்டார்.

அந்த விதை முளைத்து, நேற்று எல்லாத் தட்டும் பச்சையாகிவிட்டது. உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.