முதுகில் இருந்த டேங்க்

அப்பா,

இன்று காலை பேருந்து சூளகிரி தாண்டும்போது என் முதுகு நனைந்தது. நிற்கவே இடமில்லாத கூட்டம். வியர்வை என்று நினைத்தேன். பிறகு புளி வாசனை. பின்னால் நின்ற பெண் தோளைத் தட்டினாள்.

"ஏங்க, பையிலருந்து என்னமோ ஊத்துது பாருங்க."

ரசம். முதுகுப்பைக்குள் சாப்பாட்டு டப்பாவின் மூடி திறந்திருக்கிறது. எவ்வளவு நேரமாக ஒழுகிக்கொண்டிருந்தது என்று தெரியவில்லை. அந்த ஈரம் சட்டையோடு ஒட்டிக்கொண்டிருக்க, கம்பியைப் பிடித்தபடி, உங்களோடு பேச ஆரம்பித்தேன். நீங்கள் போனபின் இது இரண்டாவது மாங்காய்ப் பருவம்.

நீங்கள் செய்த மர விமானம் என் மேசையில்தான் இருக்கிறது. மஞ்சள் சாயம் இன்னும் போகவில்லை. இறக்கையின் அடியில் மருந்து தெளிக்கும் குழாய்க்காக நீங்கள் ஒட்டிய துடைப்பக் குச்சிகளில் மட்டும் ஒன்று விழுந்துவிட்டது. எடுத்து வைத்திருக்கிறேன்.

காவேரிப்பட்டினத்து மாந்தோப்புகளில் முதுகில் டேங்க் மாட்டிக்கொண்டு கூலிக்குப் பூச்சிமருந்து அடித்தவர் நீங்கள். பிறகு ஓசூரில், இயந்திரங்களை அனுப்ப மரப்பெட்டி செய்யும் பட்டறையில் பலகை அறுத்தீர்கள். வலது கை நடுங்கத் தொடங்கியதும் மேஸ்திரி உங்களை ரம்பத்திடமிருந்து விலக்கினார். "வீட்ல இருண்ணா, சரியானதும் வா." சரியாகாது என்பது அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். எதனால் வந்தது என்று மருத்துவர் உறுதியாகச் சொல்லவில்லை. நீங்கள் கேட்கவும் இல்லை.

அந்த நாட்களில்தான் என் கைபேசியில் அந்தக் காணொளி வந்தது. ஏதோ ஒரு நாட்டில், கோதுமை வயலின் மேல் தாழப் பறந்து மருந்து தெளிக்கும் மஞ்சள் விமானம்.

"பாப்பா, இன்னொரு தடவ போடு."

திரும்பத் திரும்பப் பார்த்தீர்கள். "இவன் ஒரு சுத்து சுத்தறதுக்குள்ள நம்ம தோப்பு மொத்தமும் முடிஞ்சிரும் போலிருக்குதே" என்றீர்கள். மறுநாள், பட்டறையில் வீசி எறியும் பைன் மரத்துண்டுகளை ஒரு சாக்கில் கொண்டுவந்து கொட்டினீர்கள். நிஜ விமானத்தில் இருபதில் ஒரு பங்கு அளவு. "இத முடிச்சு மேஸ்திரி மேசை மேல வெக்கிறேன். அப்பறம் சொல்லட்டும், என் கை அறுக்காதுன்னு."

வீட்டில் அதன்பிறகு யாரும் சத்தமாகப் பேசவில்லை. ஆக்ஸா பிளேடின் சத்தம் நின்றால் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள். மறுபடி கேட்டால் திரும்புவாள். மணிக்கட்டில் சைக்கிள் டியூபைச் சுற்றி, மறுமுனையை மேசைக் காலில் கட்டியிருந்தீர்கள். டியூப் இழுத்து நடுக்கத்தைப் பிடிக்கும் நேரத்துக்குள் ஒரு அறுப்பு. பிறகு ஓய்வு. உங்கள் கையோடு நீங்களே கயிறிழுப்பு ஆடியதுபோல.

உடல், இறக்கை, வால் எல்லாம் முடிந்தன. முன்பக்கக் காற்றாடி மட்டும் பாக்கி. அதன் அளவு பார்க்கத்தான் விமானத்தின் பக்கவாட்டுப் படத்தைத் தேடி எடுத்தேன். பார்த்ததும் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

மருந்து டேங்கை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்திருந்தீர்கள். அவன் முதுகை ஒட்டி. காணொளி கீழேயிருந்து எடுத்தது, டேங்க் எங்கே என்று அதில் தெரியாது. நீங்கள் அறிந்த இடத்தில் வைத்துவிட்டீர்கள். உண்மையில் டேங்க் முன்னால், எஞ்சினுக்கும் ஓட்டுநருக்கும் நடுவில்.

அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டாள். வேண்டாம் என்று தலையசைத்தாள். மேஸ்திரிக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது? மாற்றுவதென்றால் ஒட்டிய உடலை மீண்டும் அறுக்க வேண்டும். இறக்கை பொருந்தும் இடம் அங்கேதான். பிளேடு ஒருமுறை துள்ளினால் எல்லாம் போய்விடும்.

"என்னடா கண்ணு, காத்தாடி எவ்ளோ?"

கைபேசியைத் திருப்பிக் காட்டினேன்.

வெகுநேரம் பார்த்தீர்கள். கை நடுங்கவே படமும் நடுங்கியது.

"முன்னால என்னாத்துக்கு வெச்சான்?"

கீழே விழுந்தால் பின்னாலிருக்கும் கனம் வந்து ஓட்டுநரை நசுக்கிவிடும், அதனால்தான் என்று படித்ததைச் சொன்னேன். நீங்கள் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"முன்னால இருந்தா ஒழுகுறது கண்ணுக்குத் தெரியுமில்ல. நமக்கு வூட்டுக்கு வந்து சட்டையக் கழட்டுனாத்தான் தெரியும், முதுகு நனஞ்சிருக்குதுன்னு."

அம்மா எழுந்து உள்ளே போனாள். அந்தச் சட்டைகளைத் துவைத்தவள் அவள்.

நீங்கள் டியூபை இறுக்கினீர்கள்.

"அப்பா, இப்படியே இருக்கட்டும்ப்பா."

"அந்தாளு முதுகுல கட்டிட்டுப் போவட்டுமா?"

முதல் அறுப்பு. இரண்டாவது. மூன்றாவதில் பிளேடு துள்ளி உங்கள் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் மேசையில் குத்தி நின்றது. நான் கை நீட்டினேன்.

"தொடாத."

மூச்சை வெளியே விட்டு, விட்டு முடிவதற்குள் ஒரு அறுப்பு. மரத்தூள் என் மடியில் விழுந்தது. இறக்கையில் மெல்லிய விரிசல் சத்தம். நிறுத்தினீர்கள். நான் குனிந்து தேடினேன். விரிசல் எங்கும் இல்லை. பசைதான் விட்டிருக்கிறது.

பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னீர்கள்: "புடி. கைய இல்ல. மரத்த."

பிடித்தேன். உங்கள் நடுக்கம் மரம் வழியாக என் விரல்களுக்கு வந்தது. அது எப்படி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. டேங்க் முன்னால் போனது. ஆள் பின்னால் வந்தான். இடைவெளியில் ஒரு மரச் சில்லை வைத்து ஒட்டினீர்கள். சாயம் அடித்தபின்னும் அந்த இடம் தனியாகத் தெரிகிறது.

திங்கட்கிழமை ஒயர் கூடையில் வைத்து எடுத்துப்போனீர்கள். நான் கல்லூரிக்குப் போகவில்லை. அம்மா சமைக்கவில்லை. சாயங்காலம் கூடையோடு திரும்பினீர்கள்.

"மேஸ்திரி எல்லாரையும் கூப்புட்டுக் காமிச்சான். போட்டோ புடிச்சான். டேங்க்கு என்ன முன்னால இருக்குதுன்னு கேட்டான், சொன்னேன்." செருப்பைக் கழற்றினீர்கள். "அப்பறம், இத செய்ய எத்தினி நாளாச்சுன்னான்."

"என்ன சொன்னீங்க?"

"ரெண்டு மாசம்னேன்."

ஒரு பெட்டிக்குப் பலகை அறுக்கக் கால் மணி நேரம்கூடத் தராத பட்டறை அது.

"பொய் சொல்லியிருக்கலாமில்ல?" என்றாள் அம்மா.

"சொல்லிட்டு? நாளைக்கி ரம்பத்துகிட்ட நிக்கப்போறது நாந்தான?" கூடையை என்னிடம் நீட்டினீர்கள். "வேல இருக்குது. பழைய பெட்டியில ஆணி புடுங்கணும். ரம்பம் இல்ல."

கடைசிவரை அந்த வேலைக்குத்தான் போனீர்கள். விமானத்தைப் பற்றிப் பிறகு பேசவில்லை. ஆனால் மருந்து அடிக்கிற யாராவது தெருவில் போனால், கூப்பிட்டுத் திருப்பி நிற்கவைத்து, டேங்கின் அடியைத் தடவிப் பார்ப்பீர்கள். "என்னாண்ணா, டேங்க்கு செக்கிங்கா?" என்று சிரிப்பார்கள். விரலை முகர்ந்து பார்த்துவிட்டு, போ என்பீர்கள்.

பேருந்தில் பையைக் கழற்றி நெஞ்சுப்பக்கமாக மாட்டிக்கொண்டேன். கூட்டத்தில் எல்லோரும் முறைத்தார்கள். "பாத்து நில்லும்மா, இடிக்குது" என்றார் நடத்துநர். ஓசூர் வரும்வரை குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே வந்தேன். ஒழுகுவது நின்றிருந்தது. ஆனாலும், பையின் அடியை விரலால் தடவி முகர்ந்தேன்.