சேற்றில் விழுந்த மிராசுதாருக்கு

என் அருமை அண்ணே,

நீ போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது. இன்னும் உன்னால் எனக்கு நிம்மதி இல்லை. உயிரோடு இருந்தபோது நான் திட்டினால் மீசையைத் தடவிக்கொண்டு எழுந்து போய்விடுவாய். இப்போது எங்கே போவாய்? அதனால்தான் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். அவர்களும் நியாயம் சொல்லட்டும்.

போன மாதம் ரேஷன் கடை வரிசையில் ஒரு பெண் என்னைக் காட்டி, “அந்த மிராசுதார் தங்கச்சி இவங்கதான்” என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நாமா மிராசுதார்? மிராசுதார் எதிரே வந்தால் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு வரப்பை விட்டு இறங்கி நின்ற மனுசனுக்குப் பிறந்தவர்கள் நாம். நடவு நட்ட கையோடு அம்மா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். நான் டைப் படித்து, திருத்துறைப்பூண்டியில் வக்கீல் ஆபீசில் உட்கார்ந்து, முப்பது வருடம் ஊரார் வழக்கையெல்லாம் தட்டச்சு செய்தேன். கடைசியில் எனக்குக் கிடைத்த பட்டம் இது.

எல்லாவற்றுக்கும் காரணம் உன் விளம்பரப் பைத்தியம்.

பஞ்சாயத்து டிவிப் பெட்டி வந்த நாளிலிருந்து ஆரம்பித்தது. ஊரே நாடகம் பார்க்க உட்காரும். நாடகம் தொடங்கினால் நீ வெளியே போய் பீடி பற்ற வைப்பாய். விளம்பரம் வந்தால் ஓடி வருவாய். கல்யாண வீட்டில் நாதஸ்வரக்காரருக்கு இருமல் வந்து, தாலியைக் கையில் பிடித்தபடி மாப்பிள்ளை விழித்துக்கொண்டு நிற்பானே, அந்த இருமல் மிட்டாய் விளம்பரத்தை எத்தனை தடவை நடித்துக் காட்டியிருப்பாய்! “நாடகத்துல அழுது முடிக்க நாலு வாரம் ஆவுது. இவன் அரை நிமிசத்துல கல்யாணத்தையே நிறுத்தி நடத்திப்புடுறான். இவன்தான் ஆளு” என்பாய். சங்கக் கூட்டத்தில் கூலி உயர்வு பற்றிப் பேசும்போது சலவைத்தூள் பாட்டை நடுவில் இழுத்து விடுவாய். தோழர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

சரி, பார்த்ததோடு விட்டாயா?

சென்னையிலிருந்து துணி சோப்பு விளம்பரம் எடுக்க வேனில் வந்து இறங்கினார்கள். பட்டுக்கரை வேட்டி கட்டிய மிராசுதார் வரப்பில் மிடுக்காக நடந்து வருவார். பெருமை பேசி முடிக்கும் நேரத்தில் வழுக்கி நடவு வயலில் விழுவார். அப்புறம் சோப்பு வரும். அவ்வளவுதான் கதை. உன்னை மாடு பிடித்துக்கொண்டு நிற்கத்தான் கூப்பிட்டார்கள். ஆனால் அழைத்து வந்த நடிகர் வயலில் கால் வைத்த உடனே நண்டு கட்டைவிரலைக் கவ்வி விட்டது. அவர் வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். டைரக்டர் சுற்றுமுற்றும் பார்த்திருக்கிறார். ஆறடி உயரத்தில், அந்த மீசையோடு, கோஷம் போட்டுப் போட்டுக் கரகரத்த குரலோடு நீ நின்றிருக்கிறாய்.

இரண்டு மாதம் கழித்து, வெள்ளிக்கிழமைப் பாட்டு நிகழ்ச்சிக்கு நடுவே என் வீட்டு டிவியில் நீ வந்தாய். கழுத்தில் சங்கிலி, விரலில் மோதிரம், தோளில் அங்கவஸ்திரம். “முப்பது வேலி நிலம் நமக்கு! ஒரு பொட்டுச் சேறு நம்ம மேல பட்டதில்ல!” என்றாய். தொப்பென்று விழுந்தாய். நட்டுக்கொண்டிருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதில் முன்னால் நின்று சிரித்தது அண்ணி. அது நடிப்பு இல்லை என்று பார்த்தவுடனே தெரிந்தது. என் கையிலிருந்த சோற்றுத் தட்டு அப்படியே நின்றுவிட்டது.

முப்பது வேலி என்றால் இருநூறு ஏக்கர், அண்ணே. நமக்கு இருந்தது இரண்டு ஏக்கர். அதுவும் சொந்தமில்லை. அப்பா காலத்துப் போராட்டத்துக்குப் பிறகு வாய்ப் பேச்சில் கிடைத்த குத்தகை. ரசீது கிடையாது, எழுத்து கிடையாது. தஞ்சாவூரில் இருந்த மிராசுதார் மகன் அந்த நிலத்தை இறால் பண்ணைக்காரருக்கு விற்கப் பேசி முடித்திருந்தான். பக்கத்து வயலில் குட்டை வெட்டி உப்புத் தண்ணீர் விட்டாயிற்று. குத்தகைதாரர் பதிவேட்டில் உன் பெயரைச் சேர்த்தால்தான் அந்த இரண்டு ஏக்கர் நிலைக்கும். அதற்கான மனுவை நான்தான், இந்தக் கையால்தான் அடித்தேன். “மனுதாரர் நிலமற்றவர். தன் சொந்த உடலுழைப்பால் சாகுபடி செய்து வருபவர்.” இந்த வரியைக் கார்பன் வைத்து மூன்று பிரதி எடுத்தேன். அதன் மை காய்வதற்குள் நீ முப்பது வேலிக்குச் சொந்தக்காரனாகித் தமிழ்நாடு முழுக்க வந்து நிற்கிறாய்!

மறுநாள் ஓடி வந்தேன். “கேஸ் நடக்குறப்ப இது தேவையாண்ணே?” என்று கத்தினேன். நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? “வெளிச்சம் இன்னுங் கொஞ்சம் போட்டிருக்கலாம்ல?”

அதன் பிறகு உன்னைப் பிடிக்க முடிந்ததா? பஸ் கண்டக்டர் “முப்பது வேலி, உள்ள போங்க” என்பார். கல்யாண வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் வசனத்தைச் சொன்னால்தான் பாயசம் என்பார்கள். நீயும் சொல்வாய். மாட்டேன் என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறாயா? சங்கத்தில் வயதான தோழர் ஒருவர் உன்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். அதற்கும் சிரித்தாய்.

நான் பயந்தது நடந்தது. விசாரணை அன்று தாலுகா ஆபீசில் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.

“ஐயா, மனுதாரர் ஏழைக் குத்தகைதாரர்ங்கிறாங்க. ஊரு ஒலகம் பாக்க முப்பது வேலி தனக்கு இருக்குன்னு அவரே சொல்றாரு. ஒரு பொட்டு சேறுகூட மேல பட்டதில்லைங்கிறாரு. இதுல சொந்த உடலுழைப்பு எங்கேங்க ஐயா வந்துச்சு?”

ஆபீசே சிரித்தது. தாசில்தார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உன்னைப் பார்த்தார். “நீங்கதானா அது? என் பொண்ணு அதைப் பாத்தாத்தான் சோறு திங்குது” என்றார். நீ சும்மா இருந்திருக்கலாம். கை கட்டி நின்றிருக்கலாம். நீ என்ன செய்தாய்? நெஞ்சை நிமிர்த்தி, மீசையை முறுக்கி, முழு வசனத்தையும் எடுத்து விட்டாய்! தாலுகா ஆபீசில்! நம் வக்கீல் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அங்கேயே பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது.

சிரிப்பு அடங்கியதும் தாசில்தார் மெதுவாகக் கேட்டார்.

“விழுந்து எந்திரிக்கிறப்ப ஒண்ணு செஞ்சீங்களே, அது யாரு சொல்லிக் குடுத்தது?”

“எது சார்?”

“மூஞ்சியில சேறு வழியுது. அதைத் தொடைக்காம, கீழ குனிஞ்சு என்னமோ செஞ்சீங்க.”

நீ கொஞ்சம் யோசித்தாய். அந்த மிடுக்கெல்லாம் போய்விட்டது. “நாத்து சாஞ்சு கெடந்துச்சு சார். என் ஒடம்பு பட்டு நாலு நாத்து பேந்துருச்சு. ஊனி விட்டேன். யாரும் சொல்லல.”

அத்தனை தடவை ஒளிபரப்பானதில் நான் அதைக் கவனித்ததில்லை. நீ விழும்போதே எரிச்சலில் எழுந்து போய்விடுவேன். எங்கோ விவசாய வீட்டில் பிறந்த அந்த மனுசன் கண்ணில் அது பட்டிருக்கிறது.

“விளம்பரம் எந்தப் பக்கத்துக்கும் சாட்சி இல்லை” என்று அவர் எதிர்த்தரப்பிடம் கறாராகச் சொன்னார். நிலத்தை நேரில் பார்க்க நாள் குறித்தார். வந்தார். வயலில் நின்று அக்கம்பக்கத்தாரை ஒவ்வொருவராக விசாரித்தார். உன்னோடு பேசாமல் இருந்த அந்த வயதான தோழர் முதல் ஆளாக வந்து, நீ உழுவதையும் நடுவதையும் இருபது வருடமாகப் பார்த்திருப்பதாக வாக்குமூலம் கொடுத்தார். அந்தப் போகம் அறுவடை முடிவதற்குள் உன் பெயர் பதிவேட்டில் ஏறியது. நீயோ சாகும்வரை, “கேஸ ஜெயிச்சது என் விளம்பரம்” என்று சொல்லிக்கொண்டு திரிந்தாய். என் மனு? அந்தத் தோழரின் வாக்குமூலம்? எல்லாம் சோப்பு நுரையோடு போயிற்றா?

உத்தரவு நகலை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தபோது உன்னிடம் கேட்டேன். “எந்த வேசமும் கெடைக்கலயாண்ணே? மிராசுதாரா நிக்க எப்படி மனசு வந்துச்சு?”

நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாய். “நிக்கவா போனேன்? விழத்தான போனேன். அந்த வேட்டியோட, அந்தச் சங்கிலியோட ஒரு மிராசுதாரு சேத்துல விழுவணும். நம்ம பொம்பளையாளுவ நின்னு சிரிக்கணும். மொத தடவையே நல்லா வந்துருச்சுன்னாரு டைரக்டரு. நான்தான் இன்னொரு தடவ விழுவுறேன் சார்னு கேட்டேன். பதினோரு தடவ விழுந்தேன் வசந்தா.”

நான் உத்தரவு நகலை மடித்துப் பைக்குள் வைத்தேன். ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அப்பா அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தார். அவர் பார்த்திருந்தால் சிரித்திருப்பாரா, இல்லை பழக்கத்தில் துண்டை எடுத்து இடுப்பில் கட்டியிருப்பாரா? இதை உன்னிடம் கேட்க வேண்டும் என்று எத்தனையோ நாள் நினைத்தேன். நீ அதற்குள் வேறு விளம்பரத்தைப் பற்றி ஆரம்பித்து விடுவாய்.

இப்போதைய சேதி கேள். அந்தச் சோப்பு கடைகளில் வருவதில்லை. ஆனால் யாரோ உன் விளம்பரத்தைப் போனில் ஏற்றிவிட்டார்கள். பரீட்சையில் தோற்றவன், தேர்தலில் டெபாசிட் இழந்தவன், எல்லோருக்கும் பதிலாக நீதான் விழுகிறாய். அதுகூடப் பரவாயில்லை. புறவழிச்சாலையில் மனைப்பிரிவு போடுகிற ஒருவர் உன் படத்தைப் பெரிய பிளக்ஸாக அடித்து வைத்தார். “முப்பது வேலி உங்களுக்கும்! வயல் நடுவே பண்ணை வீட்டு மனைகள்!” நெல் விளைகிற நிலத்தைக் கூறு போட்டு விற்க, விற்காதே என்று நின்ற உன் முகம்!

நீ இருந்திருந்தால் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டிருப்பாய். பொய்யா?

எனக்குப் பொறுக்கவில்லை. ரிடையர் ஆனாலும் கை மறக்குமா? நோட்டீஸை நானே அடித்து, உன் மகன் செந்திலிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு நேரே அவர்கள் ஆபீசுக்குப் போனேன். மேனேஜர் தம்பி படித்துப் பார்த்தார்.

“ஜாலிக்குத்தாம்மா போட்டோம். ஐயா ஃபேமஸ்ல?”

“ஃபேமஸ்தான். அவரு நெலத்த விக்கிற ஆளு இல்ல. எறக்குங்க.”

“நாளைக்கு எறக்கிடுறோம்மா.”

“நான் இங்கயே உக்காந்திருக்கேன்.”

உட்கார்ந்தேன். இரண்டு காபி கொடுத்தார்கள். மத்தியானத்துக்குள் இறக்கிச் சுருட்டிக் கொடுத்துவிட்டார்கள். அதை ஆட்டோவில் ஏற்றி வருவதற்குள் பட்ட பாடு தனிக்கதை. செந்தில் வீட்டுக் கொல்லையில் போட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் கொள்முதல் நிலையத்தில் நம் நெல் காத்துக் கிடந்தபோது மழை பிடித்துக்கொண்டது. சாக்குப் பற்றாக்குறை, கொட்டகை இல்லை, வழக்கமான பாடுதான். தார்ப்பாய்க்கு எல்லோரும் ஓட, செந்தில் அந்தப் பிளக்ஸைக் கொண்டுவந்து அம்பாரத்தின் மேல் விரித்தான். படத்தை உள்பக்கம் போடச் சொன்னேன். கேட்டானா? உன் பிள்ளைதானே. மீசையும் மோதிரமுமாக வானத்தைப் பார்த்தபடி நீ படுத்திருந்தாய். உன் மேல் கொட்டிய தண்ணீர் நாலு பக்கமும் வழிந்தது. வரிசையில் நின்ற ஜனம் மழையிலும் சிரித்தது. அண்ணியும் சிரித்தாள், அவளே அந்தச் சிரிப்பை மறந்து இரண்டு வருடம் ஆயிற்று. மழை விட்டதும் பிளக்ஸை விலக்கி, நெல்லுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது, அண்ணே.

ஒன்று சத்தியம் செய்து தருகிறேன். அந்தப் படம் கிழிகிறவரை அது நம் நெல்லுக்கு மேல்தான் இருக்கும், எவன் மனைக்கும் போகாது. மழை வரும்போதெல்லாம் நானே நின்று விரிப்பேன். விரிக்கும்போது உன்னைத் திட்டவும் செய்வேன்.

கூடப் பிறந்த பாவத்துக்கு இத்தனையும் சுமக்கிற
உன் தங்கச்சி,
வசந்தா