றஸ்மியா மாமிக்கு எந்த லென்ஸ்?

ஓகஸ்ட் 3, ஞாயிறு

என் சிநேகிதி ஷிஹாராவின் கல்யாணத்தில் பெண்கள் பக்கம் முழுக்க நான்தான் படம் எடுக்கப் போகிறேன். முதல் தடவையாகத் தனியாக! முடிந்த கையோடு அவள் டோஹாவுக்குப் போகிறாள். "உம்மாட ஒரே ஒரு படம் எடுத்துத் தா ஆதிபா" என்று கெஞ்சினாள். அவளுடைய தாய் றஸ்மியா மாமி கமராவைக் கண்டாலே முகத்தை மூடுகிறவர். அடையாள அட்டையில் இருப்பதைத் தவிர அவருக்குப் படமே கிடையாது.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

வெள்ளவத்தைக் கடையில் இரண்டு ஸூம் லென்ஸ்களுக்கு நடுவில் திண்டாட்டம். 24-70 கிட்ட இருப்பவர்களுக்கு. 70-200 தூரத்தில் இருப்பவர்களை இழுத்துக்கொண்டு வரும். "கல்யாண ஊட்டுக்கு சின்னதே போதும் தங்கச்சி" என்றார் கடைக்கார இப்திகார் நானா. அவருக்கு என் திட்டம் தெரியாதே! கல்யாண ஹோலின் ஒரு மூலையில் நின்று, மறு மூலையில் இருக்கும் மாமியை அவருக்குத் தெரியாமல் எடுத்துவிடுவேன். பெரியதை வாடகைக்கு எடுத்தேன். சரிவந்தால் அதையே வாங்குவது.

ஓகஸ்ட் 9, சனி

பல்கனியில் நின்று, கீழே காலிக்குப் போகும் வீதியில் ஓடும் பஸ்களை எடுத்துப் பழகினேன். கண்டக்டரின் மீசை வரை தெரிகிறது. மாமி தப்பவே மாட்டார்.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

சே, என்ன புத்தி எனக்கு!

கல்யாண ஹோலில் நான் லென்ஸைத் தூக்கியதுதான் தாமதம், எதிர் வரிசை முழுக்க ஷால்கள் முகத்துக்கு ஏறின. ஆண்கள் இல்லாத ஹோல் என்று தலையைத் திறந்து, பூ வைத்து, நிம்மதியாக இருந்தவர்கள். தூரத்திலிருந்து அவ்வளவு பெரிய குழாயை நீட்டினால் யாரை எடுக்கிறேன் என்று யாருக்குத் தெரியும்? இந்தப் பெண்களுக்குள் வளர்ந்தவள்தானே நானும்? மணப்பெண்ணுக்கு அழுகை வரப் பார்த்தது. நான் கமராவைக் கீழே இறக்கினேன்.

றஸ்மியா மாமி நேரே என்னிடம் வந்தார்.

"யார எடுக்கிற நீ?"

பொய் வரவில்லை. "உங்களத்தான் மாமி. ஷிஹாராக்கு."

"வேற யாரும் பாப்பாங்களா?"

"இல்ல மாமி, அவ மட்டும்தான்."

"அத என்னட்ட கேட்டா என்ன புள்ள? இத்தின வருசமா ஒருத்தரும் கேக்கல்ல. எல்லாரும் ஒளிச்சித்தான் எடுக்கப் பாத்தாங்க."

சொல்லிவிட்டு மகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அந்தப் பாழாய்ப்போன லென்ஸில் இரண்டு பேரும் அடங்கவில்லை. பின்னால் போய்க்கொண்டே இருந்தேன் — வட்டிலப்பம் வைத்த மேசையில் போய் இடித்தேன். மாமி வாய்விட்டுச் சிரித்தார். அப்போதுதான் பட்டனை அமத்தினேன்.

ஓகஸ்ட் 12, செவ்வாய்

பெரியதைத் திருப்பிக் கொடுத்தேன். 24-70 இப்போது என் சொந்தம்.

ஓகஸ்ட் 21, வியாழன்

மாமி போனில் கோல் எடுத்தார். புதுச் சாரி ஒன்று இருக்கிறதாம், சனிக்கிழமை வரட்டுமா என்று கேட்டார்.

"என்னத் தனிய ஒரு படம் எடு ஆதிபா. ஷிஹாராக்கும் அனுப்ப வாணாம். நான் பாக்கத்தான்."