மாமியார் பேட்டரி, மருமகள் பேட்டரி

ஜூன் 3, திங்கள்

அக்காவின் படகு மறுபடி நடு ஆற்றில் நின்றுவிட்டது. மணல் படகுக்காரர்கள் கயிறு போட்டு இழுத்து வந்தார்கள். இல்லையென்றால் முகத்துவாரம்தான், அப்புறம் கடல்தான்.

காரணம் எனக்குத் தெரியும். எதிர்க்கரை ஆஸ்பத்திரிக்கு மருந்து கொண்டுபோகிறாள். அதற்கு ஒரு சின்ன ஃபிரிட்ஜ். சாமான் இறக்கும்வரை என்ஜின் ஓடாது. ஃபிரிட்ஜ், விளக்கு, ஒயர்லெஸ் எல்லாம் ஒரே பேட்டரியை உறிஞ்சிக்கொண்டிருக்கும். திரும்பும் வழியில் படகின் அடியிலுள்ள விசிறியில் கந்தல் வலை சிக்கியது என்று என்ஜினை அணைத்திருக்கிறாள். அப்புறம் சாவியைத் திருகினால் ‘டிக்’. அவ்வளவுதான்.

அத்தான் சாப்பிடும்போது சொன்னார்: “இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வித்துடலாம். கேட்டுக்கிட்டு ஒரு ஆள் இருக்கான்.”

அக்கா பாதிச் சோற்றோடு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அவள் சோற்றை மிச்சம் வைத்து நான் பார்த்ததில்லை. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவள் ஓட்டுகிற படகு.

ஞாயிற்றுக்கிழமை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அத்தான் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பார்க்கட்டும்.

ஜூன் 5

பேட்டரிக் கடைக்காரர்: “இருக்கறத எடுத்துட்டு இன்னும் பெரிசா ஒன்னு போட்டா முடிஞ்சுது தம்பி.”

பெரிசாகப் போட்டால் கொஞ்சம் தாமதமாகச் சாகும். வேறென்ன? வேண்டியது இரண்டு பேட்டரி: ஒன்று என்ஜினைக் கிளப்ப மட்டும், இன்னொன்று மற்ற எல்லாவற்றுக்கும். இது புரிய எத்தனை நாள் ஆகும் இவர்களுக்கு? கேட்டதை மட்டும் கொடுங்கள் என்று வாங்கி வந்தேன். அம்மா இருந்திருந்தால் ‘வாயைக் கொஞ்சம் அடக்கிப் பேசுடா’ என்றிருப்பாள்.

ஜூன் 9, ஞாயிறு

முடிந்தது. முதுகு என்னுடையது இல்லை.

பேட்டரிப் பெட்டியைத் திறந்ததும் வயிற்றெரிச்சல். எல்லா ஒயரும் ஒரே நிறம். மூட்டுக்கு மூட்டு டேப். பாதி இடங்களில் பச்சையாகக் களிம்பு. படகின் அடியில் தேங்கும் தண்ணீரை இறைக்கும் பம்ப்புக்கு மட்டும் ஒரு ஒயர், எந்த ஸ்விட்ச்சுக்குள்ளும் போகாமல் நேராக பேட்டரியில் முறுக்கி வைத்திருந்தது. ஃபியூஸ்கூட இல்லை. எந்தச் சோம்பேறி செய்த வேலையோ. வெட்டி எறிந்துவிட்டு, எல்லாவற்றையும் ஒழுங்காக ஒரே சிவப்பு ஸ்விட்ச்சுக்குப் பின்னால் கொண்டுவந்தேன்.

இரண்டு பேட்டரிக்கும் நடுவில் ஒரு ரிலே. என்ஜின் ஓடும்போது இரண்டையும் சேர்த்துவிடும், இரண்டும் சார்ஜ் ஆகும். என்ஜின் நின்றால் பிரித்துவிடும். ஃபிரிட்ஜ் என்ன குடித்தாலும் கிளப்புகிற பேட்டரி அப்படியே இருக்கும்.

இதை அக்காவுக்கு விளக்கினேன். கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள்.

“அப்ப இது மாமியார். காலையில எழுந்து ஒரு சத்தம் போட்டா போதும், அதுக்கப்புறம் யாரும் தொடக் கூடாது. அது மருமக. பூரா வேலையும் அதுக்குத்தான்.”

“எங்கம்மாவ எதுக்கு இழுக்கற?” என்றார் கரையில் நின்ற அத்தான்.

“நான் பேட்டரியச் சொன்னேன்.”

அத்தான் சிரிக்கவில்லை. அக்கா பெயிண்டை எடுத்து இரண்டின் மேலும் எழுதியே விட்டாள்.

படகை விட்டு இறங்கும்போதெல்லாம் சிவப்பு ஸ்விட்ச்சை அணைக்க வேண்டும் என்று மூன்று தடவை சொன்னேன். “சரிடா, என்ஜினியர்” என்றாள். அவள் ‘சரி’ எனக்குத் தெரியாதா?

ஜூன் 13

ஸ்விட்ச்சை அணைக்கவில்லை. கத்தினேன்.

ஜூன் 15

மறுபடியும் அணைக்கவில்லை. எழுதி ஒட்டினேன். அதன்மேல் துண்டைக் காயப்போட்டிருக்கிறாள்.

ஜூன் 20, வியாழன்

எழுத்து கோணலாக வருகிறது.

நேற்றே அக்காவும் அத்தானும் அவருடைய அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு வெளியூர் போய்விட்டார்கள். நேற்று மத்தியானம் பிடித்த மழை விடவே இல்லை. நான் ஆபீசில் ஒரு கட்டிடத்தின் மின் பேனல் வரைந்துகொண்டிருந்தேன். மேனேஜர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, “ஃபயர் பம்ப்ப மெயின் ஸ்விட்ச்சுக்கு முன்னாடியே எடுத்துட்டீங்கல்ல? மெயின அணைச்சாலும் அது ஓடணும்” என்றார்.

எடுத்திருந்தேன். எனக்குத் தெரியாதா என்று வாயைத் திறந்தேன் — அப்போதுதான் உறைத்தது.

படகு பம்ப். அந்த நேர் ஒயர். ஆள் இல்லாதபோதும் தண்ணீர் ஏறினால் பம்ப்போடு இருக்கும் மிதவை உயர்ந்து, பம்ப் தானாக ஓட வேண்டும் என்றுதானே அப்படி விட்டிருந்தார்கள். நான் அதை ஸ்விட்ச்சுக்குப் பின்னால் போட்டேன். போட்டதோடு விட்டேனா? அணை, அணை என்று அவள் உயிரையும் எடுத்தேன். இந்த ஒரு தடவை என் பேச்சைக் கேட்டிருந்தால் படகு போச்சு. விற்கக்கூட ஒன்றும் மிஞ்சாது.

அக்காவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

படித்துறையில் இறங்கும்போது பார்க்கவே பயம். பக்கத்தில் ஒரு சின்னப் படகு விளிம்பு வரை தண்ணீரில் இருந்தது. அக்காவின் படகு — நேராக, உயரமாக மிதந்துகொண்டிருந்தது. பக்கவாட்டு ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சி அடித்துக்கொண்டிருந்தது.

அணைக்கவில்லை. சிவப்பு ஸ்விட்ச், கேபின் விளக்கு, காலி ஃபிரிட்ஜ், எதையுமே அணைக்கவில்லை அந்த மகராசி.

மழையிலேயே உட்கார்ந்து சிரித்தேன். எதிரே ஒருவர் குடையோடு நின்று பார்த்துவிட்டு நகர்ந்துபோனார்.

மீட்டர் வைத்துப் பார்த்தேன். மருமகள் சாகக் கிடந்தாள், பதினோரு வோல்ட்டுக்கும் கீழே. மாமியார் 12.7. சாவியைத் திருகினேன். ஒரே சத்தம், எழுந்துவிட்டது. ரிலே சேர்த்தது, கொஞ்ச நேரத்தில் மருமகளுக்கும் தெம்பு வந்தது. பம்ப் நிற்கும்வரை கூடவே இருந்தேன்.

இருட்டிய பிறகு அக்கா கூப்பிட்டாள்.

“அய்யோ, ஸ்விட்ச்ச மறந்துட்டேன்டா. திட்டாத.”

“திட்டல.”

“ஏன், உடம்புக்கு என்ன?”

நடந்ததைச் சொன்னேன். ஒன்றும் விடாமல். கத்துவாள் என்று காத்திருந்தேன். பிறகு அத்தானிடம் அவள் கிசுகிசுப்பது கேட்டது: “நான் மறந்ததாலதான் படகு தப்பிச்சுதாம். அவனே சொல்றான். வாங்க, வந்து கேளுங்க.”

ஆயுளுக்கும் போதும் இவளுக்கு.

ஜூன் 23, ஞாயிறு

பம்ப்பை மருமகள் பேட்டரியிலிருந்து நேராக எடுத்தேன், நடுவில் ஃபியூஸ் வைத்து. சிவப்பு ஸ்விட்ச்சை அணைத்துவிட்டு, மிதவையைக் கையால் தூக்கிப் பார்த்தேன். ஓடியது. அக்காவையும் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். அத்தானும் இறங்கி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, அவராகவே ஒரு தடவை தூக்கிப் பார்த்தார்.

ஜூலை 2

அக்காவிடமிருந்து போன் இல்லை. நல்லது.

ஜூலை 14, ஞாயிறு

அத்தான் பலகை ஒன்றோடு வந்தார். படகுக் கேபினில் வெக்கை தாங்கவில்லையாம், ஒரு சின்ன ஃபேன் மாட்ட வேண்டுமாம். அளவுகூட எடுத்து வைத்திருந்தார்.

வாங்குவதாகச் சொன்ன ஆள் என்ன ஆனான் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. நானும் கொஞ்சம் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

“லைன் எதுலேர்ந்து எடுக்கட்டும் அத்தான்?”

“மருமகளுக்கே குடு” என்றார். “எங்கம்மா மேல கை வைக்காத.”