ஓரக்கண்ணால் பார்த்த முதல் எபிசோடுகள்

என் அன்பு வாலுக்கு,

அப்பா எழுதுகிறேன். வேளைக்குச் சாப்பிட்டு, ஓரளவாவது தூங்கி, சளி இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் பேனாவைக் கையில் எடுத்திருக்கிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று அடுத்த வரியை எழுதிக் கை பழகிவிட்டது, ஆனால் இந்தத் தடவை அந்த வரியை எழுதப் போவதில்லை, ஏன் என்று கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். எழுத்தெல்லாம் பூசணிக்காய் சைஸில் இருக்கிறதே, இந்த மனுஷன் பார்சல் பெட்டிமேல் விலாசம் எழுதுகிற பேனாவால் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நீ யோசிப்பாய். வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் கோபித்துக்கொள்ளாதே. ஒரு வரி முடிந்ததும் அளவுகோலைக் கீழே தள்ளி வைத்துவிட்டுத்தான் அடுத்ததை எழுதுகிறேன், சில சமயம் தள்ள மறந்துபோகிறது.

அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான், படி ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் என்னைத் திட்டுகிறாள், படியைக் கட்டியவனே நான்தான் என்பது போல. கீழ் வீட்டு ரேடியோ அக்கா இன்னும் ஓயவில்லை, காலையில் குழாயடியில் ஆரம்பித்தால் சாயங்காலம் துணி மடிக்கிற வரைக்கும் ஒலிபரப்புதான், உன்னைப் பற்றி வாரம் ஒருமுறை விசாரிக்கிறாள், எனக்குப் பதில் சொல்ல ஒன்றும் இல்லாததால் வாசலில் அவள் இருக்கிறாளா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறேன். சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிற புது சீசன் ஆரம்பித்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. நீ அங்கே அனிமே என்கிற கார்ட்டூன் தொடர்களுக்குப் பின்னணி வரைகிற வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஒவ்வொரு சீசனிலும் புதுத் தொடர்களின் முதல் எபிசோடுகளை வரிசையாகப் பார்த்து, எதில் எத்தனை நிறுத்தம் வரைக்கும் பயணம் போவேன் என்று எழுதி அனுப்புவது என் வேலை. இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவனுக்கு வேறு எப்படி மார்க் போடத் தெரியும்? அதை நீ உன் மேஜைக்கு மேலே குத்தி வைத்துக்கொண்டு, கூட வேலை பார்க்கிறவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்வாய், அவர்கள் சிரிப்பார்கள் என்று எழுதுவாய். இந்த மூன்று மாதமாக உன்னிடமிருந்து எனக்கு ஒரு வரி இல்லை, அம்மாவிடம்தான் இரண்டு வார்த்தை பேசுகிறாய். இருந்தாலும் வழக்கத்தை விட மனசு வரவில்லை, ஆகவே கேள்.

முதலில் ஊர் உலகமெல்லாம் பேசுகிற அந்தப் பெரிய தொடர். கதாநாயகன் முதல் நிமிஷத்திலேயே லாரியில் அடிபட்டுச் சாகிறான், செத்து வேறொரு உலகத்தில் ஒரு கோட்டையின் கதவாகப் பிறக்கிறான். கதவாக! திறந்துகொள்கிறான், மூடிக்கொள்கிறான், ஒரு இளவரசி வந்து அவன்மேல் சாய்ந்து அழுகிறாள். எதுவாகவோ பிறந்துவிட்டுப் போகட்டும், என் வயிற்றெரிச்சல் வேறு. சீசனுக்குச் சீசன் எவனாவது ஒருத்தன் லாரியில் விழுந்து சொகுசாக வேறு உலகத்துக்குப் போய்விடுகிறான், அந்த லாரியை ஓட்டினவன் என்ன ஆனான் என்று ஒரு படத்திலாவது காட்டுகிறார்களா? அவனுக்கும் வீடு வாசல் இருக்காதா? முதல் நிறுத்தத்திலேயே மணி அடித்து இறங்கிவிட்டேன். அடுத்தது ஒரு வாள்வீரன், வெட்டுவதற்கு முன்னால் எந்த வெட்டு வெட்டப் போகிறேன் என்று அதன் பெயரைக் கத்திச் சொல்கிறான், எதிரியும் மரியாதையாக நின்று கேட்டுவிட்டுப் பிறகு சாகிறான், இரண்டு நிறுத்தம். ஐந்து பள்ளிக்கூடப் பெண்கள் சேர்ந்து ஒரு பழைய ரயில் பெட்டியைக் கழுவுகிற கதை ஒன்று, எபிசோடு முழுக்கக் கழுவுகிறார்கள், ஆனாலும் அந்தத் தண்ணீர்ச் சத்தம் காதுக்கு இதமாக இருந்தது, ஐந்து நிறுத்தம் கொடுத்தேன். பிறகு ஒரு காதல் கதை, ஒரே லிஃப்டில் ஏறி இறங்குகிற இரண்டு பேர், கடைசி வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. கீழே ஓடுகிற எழுத்தை அம்மாதான் எனக்குப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள், பாதியில் எழுந்து, "இதுக்கு நான் எதுக்குங்க? படிக்க ஒண்ணுமே வரலையே" என்று துணி காயப்போடப் போய்விட்டாள். அவள் படிக்கிற அழகைச் சொல்ல வேண்டுமே, அரக்கன், இளவரசி, பள்ளிக்கூடப் பெண் எல்லோருக்கும் ஒரே குரல்தான், எல்லோரும் அம்மாவைப் போலவே சலித்துக்கொள்கிறார்கள்.

அம்மா எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்பாய். அதைத்தான் மேலே சொல்லாமல் விட்டேன். எனக்குக் கண் போய்விட்டது. முழுசாக இல்லை, நடுவில் மட்டும். எதை நேராகப் பார்க்கிறேனோ அது மட்டும் தெரியாது, ஈரத் துணியால் துடைத்துவிட்ட மாதிரி அந்த இடம் மங்கிக் கிடக்கும், சுற்றியிருப்பது தெரியும். ஆரம்பித்துப் பத்து மாதம் இருக்கும். சிக்னலை நேராகப் பார்த்தால் விளக்கு இருக்காது, தலையைத் திருப்பினால் வந்துவிடும், வயசாகிறது, தூக்கம் போதவில்லை என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். ஒரு நாள் காலையில் டிப்போவில் வண்டியை எடுக்கிறேன், வண்டிக்கு நேர் முன்னால் எங்கள் லேடி மெக்கானிக் நின்றிருக்கிறார், எனக்குத் தெரியவில்லை. அவர் ஸ்பேனரால் வண்டியின் முகப்பில் ஓங்கித் தட்டி, "அண்ணே, குருடா நீங்க?" என்று கத்தினார். அவர் கோபத்தில் கேட்டது, நான் இன்ஜினை நிறுத்தினேன். இறங்கிப் போய் மேனேஜர் மேஜையில் சாவியை வைத்தேன், அதோடு சரி. இப்போது ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து, கேட்கிறவர்களுக்குப் போல்ட்டையும் பெல்ட்டையும் தடவிப் பார்த்து எடுத்துக் கொடுக்கிறேன். கண் டாக்டர் நல்லவர்தான், சுற்றி வளைக்கவில்லை. "நடுவுல போனது போனதுதாங்க, திரும்பி வராது. இன்னும் கொஞ்சம் பெருசாகும். ஓரத்துல தெரியிறது நிக்கும்" என்றார். வேறு கண்ணாடி போட்டால் என்று அம்மா கேட்டதற்கு, "கண்ணாடில கோளாறு இல்லம்மா, உள்ள படம் விழுற இடமே தேஞ்சு போச்சு" என்றார். அம்மா வெளியே வந்ததுமே உனக்குப் போன் போடப் போனாள். உனக்குச் சொல்ல வேண்டாம் என்று தடுத்தது நான்தான், அவளைக் கோபிக்காதே. நீ போட்டது போட்டபடி ஓடி வந்துவிடுவாய் என்று பயந்தேன், அது பாதி. என் கடிதத்தை இனி மேஜைக்கு மேலே குத்தமாட்டாய் என்று பயந்தேன், அது மீதி.

இப்போது போன சீசனுக்கு வருகிறேன், இதை எழுதக் கூசுகிறது. அப்போதே எனக்குத் திரை சரியாகத் தெரியாது. அம்மாவை டிவி முன்னால் உட்கார வைத்து, பார்த்துச் சொல்லு, நான் எழுதிக்கொள்கிறேன் என்றேன். அவள் பகல் முழுக்க வேலை செய்தவள், நாற்காலியில் உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் கண் சொக்கும். ஒரு தொடர் முடிந்து அடுத்தது தானாக ஓட ஆரம்பித்துவிட்டது, அவள் இடையில் தூங்கி எழுந்து இரண்டையும் மாற்றிச் சொல்லிவிட்டாள். இன்றைக்கும் கேட்டால், "நான் ஒண்ணும் தூங்கல, கண்ண மூடிட்டுக் கேட்டுட்டு இருந்தேன்" என்கிறாள். அவள் சொன்னதை வைத்து, பனி பெய்கிற அந்தச் சந்தைதான் நீ வரைந்தது என்று நினைத்து இரண்டு பக்கம் புகழ்ந்து தள்ளினேன், அது யாரோ வேறு கம்பெனி செய்தது. நீ பதினான்கு மாதம் உட்கார்ந்து வரைந்த அந்தப் படிக்கட்டு ஊரை, முதல் நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன் என்று எழுதினேன். அதோடு விட்டேனா, பின்னால் இருக்கிற சுவரெல்லாம் ஏனோதானோ என்று பூசியிருக்கிறது, மனசு வைத்து யாரும் செய்யவில்லை என்று என் மேதாவித்தனத்தையும் சேர்த்து எழுதினேன். பார்க்காதவன் பார்த்த மாதிரி எழுதினால் வார்த்தை நீளமாகத்தான் வருகிறது. நீ திருப்பி ஒரே வரி அனுப்பினாய், "அப்பா, நீ பாக்கவே இல்ல, இல்ல?" என்று. அதற்கு நான் பதில் எழுதவில்லை. பார்க்கவில்லை என்றால் கண் விஷயம் வெளியே வரும், பார்த்தேன் என்றால் நான் உன் வேலையின்மேல் காறித் துப்பினவன் ஆவேன். இப்போது சொல்கிறேன், பார்க்கவில்லை மகளே. உன் படிக்கட்டு ஊரை நான் பார்க்கவே இல்லை.

போன வாரம் நீ அம்மாவிடம், யாரும் பார்க்காத சுவருக்கு உயிரை விட்டது போதும், இந்த வேலையை விடப் போகிறேன் என்று சொன்னாயாம். உங்கள் அறையில் ஒன்பது பேர் இருந்த இடத்தில் இப்போது நாலு பேர்தான், மீதிச் சுவரையெல்லாம் கம்ப்யூட்டர் மெஷினே வரைந்து நிரப்பிவிடுகிறது என்றாயாம். அம்மா போனை வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றுகொண்டிருந்தாள். நான் போய் டிவியைப் போட்டேன். உன்னுடையது எது என்று இந்தத் தடவை அம்மா உன்னிடமே கேட்டு எழுதி வைத்திருந்தாள், அக்காவும் தங்கையும் வாடகை வீடு மாறுகிற கதை. அக்காவின் முகத்தை நேராகப் பார்த்தேன், முகம் இல்லை, மங்கல்தான். ஆனால் அந்த மங்கலைச் சுற்றி அறை முழுக்க இருந்தது. நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது படத்தை நிறுத்தி நிறுத்தி, "மூஞ்சிய பாக்காதப்பா, பின்னாடி சுவத்த பாரு" என்று என் தாடையைப் பிடித்துத் திருப்புவாய், அப்போதெல்லாம் உன் மனசு நோகக்கூடாது என்று பார்த்த மாதிரி தலையாட்டியிருக்கிறேன், எனக்குக் கதைதான் வேண்டும். இப்போது எனக்குச் சுவரைத் தவிர வேறொன்றும் இல்லை. வாளி இருந்த இடத்தில் தரையில் வட்டத் தடம், ஜன்னல் கொக்கி ஆடி ஆடிச் சுவரில் கீறின அரைவட்டம், அப்புறம் சமையலறை சுவிட்சு. கை பட்டுப் பட்டுச் சுற்றிலும் கறுத்த அழுக்கு, இடது பக்கம் மட்டும் நீண்டு இழுபட்டிருக்கிறது. அது நம் வீட்டுச் சுவிட்சு. டிப்போவிலிருந்து கிரீஸ் கையோடு வந்து இடதுகையால் நான் தடவித் தடவி ஆன அழுக்கு, அம்மா வருஷா வருஷம் தேய்த்தும் போகாதது. படத்தை நிறுத்தச் சொல்லி அம்மாவுக்குக் காட்டினேன். "எங்க? எனக்கு அந்தப் பொண்ணு அழுறதுதான் தெரியுது" என்றாள். நல்ல கண் இருக்கிறவர்கள் எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள். மூன்று விநாடிதான் வருகிறது, திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பதினோரு தடவை பார்த்தேன். பார்த்துக்கொண்டே அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன். அக்கம்பக்கமாகப் பார்வையை ஓட்டிக்கொண்டு இருக்கிறேன் இல்லையா, யாரையோ சைட் அடிக்கிற மாதிரி இருக்கிறது என்று அம்மா கிண்டல் பண்ணினாள், அப்புறம் அவளும் முந்தானையை எடுத்துக்கொண்டாள். சுவர் வெளிர் பச்சை என்கிறாள். எனக்குச் சாம்பல் நிறமாகத்தான் தெரிகிறது, நிறமும் போக ஆரம்பித்துவிட்டது.

இதை எழுதுவது வேலையை விடாதே என்று சொல்வதற்காக இல்லை. அப்படிச் சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. நான் ஒருத்தன் பார்த்ததால் போன அந்த ஐந்து பேர் திரும்பி வரப் போவதில்லை, ஜனங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள், மெஷின் நிற்கப் போவதில்லை, என் கண்ணும் அடுத்த சீசனில் இதைவிட மோசமாகத்தான் இருக்கும். எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதலாம், நீ நம்பமாட்டாய், நானும் நம்பவில்லை. விடுவதானால் விடு, ஆனால் அப்பா கூடப் பார்க்கவில்லை என்பதற்காக விடாதே, அந்தக் காரணம் மட்டும் பொய். உன் தொடருக்கு எத்தனை நிறுத்தம் என்று கேட்டால், நான் இனி எந்த வண்டியிலும் கடைசி வரைக்கும் போகக்கூடிய ஆள் இல்லை, அந்தச் சமையலறையில் இறங்கி அங்கேயே இருந்துவிடுகிறேன் என்று போட்டுக்கொள்.

குளிரில் காதை மூடிக்கொள். குனிந்தபடியே உட்காராதே, மணிக்கு ஒருமுறை எழுந்து நட. வருஷத்துக்கு ஒருமுறை கண்ணைக் காட்டு, இது என் வாயிலிருந்து வருகிற புத்திமதி என்பதற்காகச் சிரிக்காதே, அப்பாவுக்கு வந்தது பிள்ளைக்கும் வரலாம் என்று டாக்டர் சொன்னார். அம்மாவிடம் அந்தத் தூக்கத்தைப் பற்றி எதுவும் கேட்காதே, அவள் அதை நினைத்து நினைத்துத் தேய்கிறாள். நீ எங்கே இருந்தாலும், என்ன வேலை செய்தாலும், உன் கையும் கண்ணும் நோகாமல் நூறு வருஷம் இருக்கட்டும், எங்கள் இரண்டு பேருடைய ஆயுசும் உனக்கே சேரட்டும்.

ஒன்றை மட்டும் மறக்காதே. எப்போதாவது விடுப்புக் கிடைத்து வந்தால், எனக்கு நேராக வந்து நிற்காதே. வலது பக்கம் ஒரு எட்டுத் தள்ளி நில். நான் சுவரைப் பார்க்கிற மாதிரி இருக்கும். உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா